பாதி முகவரி: உலாவிகள் எதை மறைக்கின்றன, எதற்காக?

2021 ஜூன் மாதம், கூகுளின் குரோம் உலாவியை உருவாக்கும் குழு தான் நடத்திவந்த ஒரு சோதனையைக் கைவிட்டது. பெரிய அறிவிப்பு எதுவும் வரவில்லை. பிழைகளைப் பதிவு செய்யும் பொதுத் தளத்தில் ஓரிரு வரிகள் இடம்பெற்றன, அவ்வளவுதான். முகவரிப் பட்டையில் தளத்தின் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் மறைத்தால், மக்கள் போலித் தளங்களில் ஏமாறுவது குறையுமா என்று அந்தச் சோதனை கேட்டது. 2020 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு, அக்டோபரில் வெளிவந்த குரோம் 86-இல் பயனர்களில் ஒரு பகுதியினரிடம் அது நடத்தப்பட்டது. பாதுகாப்பு சார்ந்த அளவீடுகள் எதுவும் அசையவில்லை. ஆகவே இதை எல்லோருக்கும் கொண்டுவரப்போவதில்லை என்று குழு முடிவெடுத்தது.

தன் கருதுகோள் பலிக்கவில்லை என்று ஒரு நிறுவனம் வெளிப்படையாகச் சொன்னது பாராட்டத்தக்கது. ஆனால் அதற்கு முன்பே நடந்திருந்த வெட்டுகள் அப்படியே நின்றன. குரோமில் 'எச்டிடிபிஎஸ்' மறைந்தே இருந்தது. முன்னால் வரும் மூன்று டபிள்யூக்களும் திரும்பவில்லை. ஆப்பிளின் சஃபாரியில் தளத்தின் பெயர் தவிர வேறெதுவும் இயல்பாகத் தெரிவதில்லை. முகவரியை மறைப்பது பயனரின் நன்மைக்கே என்ற வாதம் எவ்வளவு தூரம் நிற்கும், எங்கே சறுக்கும் என்பதை இந்தப் பதினைந்து ஆண்டு வரலாற்றை வைத்தே பார்க்க முடியும்.

முகவரிக்குள் என்ன இருக்கிறது

இணைய முகவரியை யூ.ஆர்.எல். என்கிறோம். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயும் அவருடைய கூட்டாளிகளும் அதன் இலக்கணத்தை 1994 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 1738 என்ற ஆவணத்தில் முறைப்படுத்தினார்கள். கற்பனையான ஒரு வங்கியின் முகவரியைத் தமிழிலேயே எழுதிப் பார்ப்போம்:

எச்டிடிபிஎஸ்://சேமிப்பு.மலர்வங்கி.காம்/கணக்கு/அறிக்கை?மாதம்=ஜூன்

முதல் துண்டு, எந்த முறையில் பேச வேண்டும் என்று உலாவிக்குச் சொல்கிறது. இரட்டைச் சாய்கோட்டுக்கும் அடுத்த ஒற்றைச் சாய்கோட்டுக்கும் இடையில் இருப்பது யாரிடம் பேசுகிறோம் என்பது. அதற்குப் பின் வருவது பாதை: அவர்களிடம் இருப்பவற்றுள் எது வேண்டும் என்பது. கேள்விக்குறிக்குப் பின்னால் கூடுதல் விவரங்கள்.

சிக்கல் வாசிக்கும் திசையில் இருக்கிறது. தளப்பெயரில் பெரியது வலப்புறம்: 'காம்', அதற்குள் 'மலர்வங்கி', அதற்குள் 'சேமிப்பு'. நாம் அஞ்சல் உறையில் ஆளின் பெயரில் தொடங்கி, தெரு, ஊர், மாவட்டம் என்று விரித்து எழுதுகிறோமே, அதே வரிசை. ஒற்றைச் சாய்கோட்டைத் தாண்டியதும் திசை திரும்பிவிடுகிறது. அங்கே பெரியது இடப்புறம், சிறியது வலப்புறம். பால் மோக்கபெட்ரிஸ் 1983-இல் வடிவமைத்த டொமைன் பெயர் முறை ஒருபக்கம். யூனிக்ஸ் கோப்பு முறையிலிருந்து வந்த சாய்கோட்டு வழக்கம் மறுபக்கம். இரண்டையும் ஒரே வரியில் தைத்ததன் விளைவு இது. முழு முகவரியையும் பெரியதிலிருந்து சிறியதாக ஒரே வரிசையில் வைத்திருக்கலாம் என்று பெர்னர்ஸ்-லீ பின்னாளில் எழுதினார். அந்த இரட்டைச் சாய்கோடே தேவையற்றது என்று 2009-இல் சொன்னார். பிரிட்டனின் கல்வி வலையமைப்பான ஜேனட் ஒருகாலத்தில் நாட்டின் பெயரை முதலில் வைத்தே எழுதிவந்தது. உலகம் மற்ற வரிசையைத் தேர்ந்துகொண்டதால் அதுவும் மாறிவிட்டது.

இந்தத் திசைமாற்றம் மோசடிக்காரர்களுக்குப் பெரிய வசதி. கீழே உள்ள இரண்டு முகவரிகளும் வங்கிக்குச் சொந்தமானவை அல்ல:

மலர்வங்கி.காம்.சரிபார்ப்பு.இன்னொருவர்.நெட்/உள்நுழைவு

இன்னொருவர்.நெட்/மலர்வங்கி.காம்/உள்நுழைவு

முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று இடப்புறம் இருக்கும் 'இன்னொருவர்.நெட்' மட்டுமே உரிமையைத் தீர்மானிக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் அந்த 'இன்னொருவர்' எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். மூன்றாவதாக ஒரு வித்தையும் இருந்தது. தளப்பெயருக்கு முன் பயனர் பெயரை எழுதி, நடுவே '@' குறி இட இலக்கணம் அனுமதித்தது. அந்த இடத்தில் வங்கியின் பெயரை எழுதினால் முகவரி வங்கியில் தொடங்குவதுபோலவே தெரியும். இது மிதமிஞ்சிப் போகவே, 2004 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அந்த வசதியை நீக்கியது.

மூன்று வகை மறைப்பு

'முகவரியை மறைக்கிறார்கள்' என்று பொதுவாகச் சொன்னாலும், நடப்பது மூன்று வேறு காரியங்கள். பிரித்துப் பார்க்காமல் ஆதரித்தாலும் எதிர்த்தாலும் விவாதம் குழம்பிவிடும்.

முதல் வகை, மாறாததை விடுவது. எல்லா முகவரியிலும் 'எச்டிடிபி' இருந்தால் அதைக் காட்டுவதில் புதிய சேதி எதுவும் இல்லை. குரோம் 2010-இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2011-இலும் அதை மறைக்கத் தொடங்கின. அப்போது 'எஸ்' என்ற எழுத்துக்கு மதிப்பு இருந்தது. அது இருந்தால் இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டது என்று பொருள், அதனால் 'எச்டிடிபிஎஸ்' மட்டும் காட்டப்பட்டது. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 இறுதியிலிருந்து இலவசமாகச் சான்றிதழ் வழங்கத் தொடங்கியதும் அது பரவலாயிற்று. 2018 ஜூலையில் வந்த குரோம் 68, மறையாக்கம் இல்லாத தளங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று குறித்தது. விதிவிலக்குக்கு எச்சரிக்கை, இயல்புக்கு மௌனம் என்று முறை தலைகீழானது. ஓராண்டில் வந்த குரோம் 76 'எச்டிடிபிஎஸ்' துண்டையும் மறைத்தது.

இரண்டாவது வகை, பெயர்த்துக் காட்டுவது. இதைத் தமிழர்கள் தினமும் பார்க்கிறார்கள். முகவரியின் அடிப்படை இலக்கணத்தில் ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் சில குறிகளுக்கும் மட்டுமே இடம். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யூ.டி.எஃப்.-8 முறையில் மூன்று பைட்டுகளாகி, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்த மூன்று குறியீடுகளாகிறது. 'தமிழ்' என்ற சொல்லில் யூனிகோடு கணக்குப்படி ஐந்து குறிகள். முகவரியில் அது 45 குறியீடுகளாக நீள்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் சுட்டியை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் திரை முழுக்க விழுக்காட்டுக் குறிகள் கொட்டுவது இதனால்தான். உலாவி அந்தக் கொட்டலை மறைத்து முகவரிப் பட்டையில் தமிழிலேயே காட்டுகிறது. இங்கே சேதி எதுவும் குறையவில்லை. படிக்க முடியாதது படிக்க முடிவதாகிறது.

மூன்றாவது வகை, சேதியையே நீக்குவது. 2013-இல் ஐஃபோனிலும் 2014-இல் மேக் கணினியிலும் சஃபாரி பாதையை முழுவதும் மறைத்துத் தளப்பெயரை மட்டும் காட்டத் தொடங்கியது. மேக்கில் முழு முகவரி வேண்டும் என்பவர் அமைப்புகளுக்குள் போய் ஒரு பெட்டியில் குறி இட வேண்டும். குரோமும் 2014-இல் இதே திசையில் ஒரு மாதிரியை வைத்துப் பார்த்தது; எதிர்ப்பு வந்ததும் கிடப்பில் போட்டது.

முதல் இரண்டு வகைகளைப் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. மூன்றாவது வகைக்குத்தான் வலுவான காரணம் தேவைப்படுகிறது.

மறைப்பவர்கள் தரப்பு

அந்தக் காரணம் இல்லாமலும் இல்லை. ரச்னா தமிஜா, ஜே. டி. டைகர், மார்ட்டி ஹெர்ஸ்ட் மூவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. 22 பேரிடம் உண்மையும் போலியுமாகத் தளங்களைக் காட்டி, எது எது என்று கேட்டார்கள். 23 சதவீதத்தினர் முகவரிப் பட்டை முதலான உலாவியின் அடையாளங்களைப் பார்க்கவே இல்லை. பக்கத்தின் உள்ளடக்கத்தை வைத்தே முடிவு செய்தார்கள். மிகத் திறமையாகச் செய்யப்பட்ட போலித் தளம் பத்தில் ஒன்பது பேரை ஏமாற்றியது. அது ஒரு வங்கியின் பெயரில் வரும் 'டபிள்யூ' எழுத்துக்குப் பதிலாக இரண்டு 'வி'க்களை அடுத்தடுத்து வைத்திருந்தது.

இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூகுளைச் சேர்ந்தவர்களோடு இணைந்து 2020-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, முகவரியைப் பார்ப்பவர்களும் எப்படித் தடுமாறுகிறார்கள் என்று அளந்தது. நம்பகமான நிறுவனத்தின் பெயர் பாதையில் இடம்பெற்றால், அதாவது மேலே காட்டிய இரண்டாவது போலி முகவரியைப்போல இருந்தால், 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏமாந்தார்கள். குரோம் குழு தன் 2020 சோதனைக்கு முக்கிய ஆதாரமாக எடுத்துக்காட்டியது இதைத்தான். வாட்விஜி அமைப்பு பராமரிக்கும் யூ.ஆர்.எல். தரநிலையும், நம்பலாமா வேண்டாமா என்று பயனர் முடிவெடுக்கும் இடங்களில் உலாவிகள் முகவரியைச் சுருக்கிக் காட்டலாம் என்கிறது.

வாதம் தெளிவானது. உரிமையைச் சொல்லும் துண்டு ஒன்றுதான். மற்றவை மோசடிக்காரர் விருப்பப்படி எழுதும் இடங்கள். அவற்றை நீக்கினால் பொய் சொல்லும் இடம் குறையும். குரோம் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த ஏட்ரியன் போர்ட்டர் ஃபெல்ட் 2018-இல் அளித்த பேட்டியில் இன்னும் மேலே போனார். யூ.ஆர்.எல். மனிதர் படிக்கத் தகுந்ததாக இல்லை, தளத்தின் அடையாளத்தை எல்லோருக்கும் புரியும்படி காட்ட வேறு வழி தேட வேண்டும் என்பது அவர் கருத்து.

உரிமையாளர் யார் என்று யார் சொல்வது

தளப்பெயரின் 'முக்கியமான பகுதி' எது என்று உலாவி தீர்மானிக்கும்போதே முதல் சறுக்கல் வந்துவிடுகிறது. வலப்புறமிருந்து இரண்டு சொற்களை எடுத்தால் போதும் என்று தோன்றலாம். 'காம்' முடிவுகளுக்கு அது சரி. 'கோ.இன்', 'ஏசி.இன்' போன்றவற்றுக்கு மூன்று சொற்கள் வேண்டும். இதை எந்த விதியாலும் கணக்கிட முடியாது. எந்தெந்த முடிவுகளுக்குக் கீழே பொதுமக்கள் பெயர் பதியலாம் என்று, ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா தொடங்கி, தன்னார்வலர்கள் பராமரிக்கும் ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட பட்டியல் ஒன்றை உலாவிகள் நம்பியிருக்கின்றன. அந்தப் பட்டியலில் ஒரு பதிவு விட்டுப்போனால், தொடர்பே இல்லாத இருவர் ஒரே உரிமையாளராகிவிடுவார்கள்.

எது முக்கியம் என்று உலாவியே முடிவெடுப்பதன் ஆபத்தை 2018 செப்டம்பரில் வந்த குரோம் 69 கண்முன் காட்டியது. தளப்பெயரின் முன்னால் வரும் மூன்று டபிள்யூக்களும், கைபேசித் தளங்களுக்கு வழக்கமாக இடும் 'எம்' என்ற எழுத்தும் அற்பமானவை என்று குழு கருதி அவற்றை மறைத்தது. ஆனால் டம்ப்ளர் என்ற வலைப்பதிவுச் சேவையில் 'எம்' என்பது ஒருவருடைய வலைப்பதிவின் பெயராகவும் இருக்கலாம். அந்த வலைப்பதிவைப் பார்த்தவருக்கு டம்ப்ளரின் முகப்புப் பக்கத்தின் முகவரியே தெரிந்தது. அதைவிட மோசமாக, பெயரின் நடுவில் வந்த டபிள்யூக்களையும் நிரல் உருவியெடுத்தது. இல்லாத ஒரு முகவரியை உலாவியே புனைந்து காட்டியது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். கண்டனம் எழுந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் மாற்றம் திரும்பப் பெறப்பட்டது. 2019-இல் குரோம் 76-இல் டபிள்யூக்கள் மறுபடி மறைந்தன, 'எம்' தப்பியது.

அடுத்த சறுக்கல் இன்னும் ஆழமானது. தளப்பெயரே உரிமையாளரைச் சொல்லும் என்பது எல்லா இடத்திலும் உண்மையில்லை. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒரு நிரல் யாருடையது என்பது பாதையில் இருக்கிறது. பல்கலைக்கழகத் தளங்களில் ஆசிரியர்களின் பக்கங்களும் அப்படியே. கூகுள் ஃபார்ம்ஸில் யார் வேண்டுமானாலும் ஒரு படிவம் செய்து, 'உங்கள் வங்கி விவரங்களைத் தாருங்கள்' என்று கேட்கலாம். பாதையை நீக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது 'கூகுள்.காம்' என்ற, யாரும் சந்தேகிக்காத பெயர். படிவங்களின் அடியில் 'கடவுச்சொல்லை இங்கே தராதீர்கள்' என்று கூகுளே எழுதிவைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். சின்ன நிறுவனங்களும் தனிமனிதர்களும் பெரிய தளங்களின் கூரைக்குள் குடியேறிவிட்ட இன்றைய வலையில், கூரையின் பெயரை மட்டும் காட்டுவது அடையாளத்தைத் தெளிவாக்குவதற்குப் பதிலாக மங்கலாக்கவும் செய்கிறது.

ஒரே உருவம், வேறு எழுத்து

தளப்பெயரை மட்டும் காட்டினால் அந்தப் பெயரையாவது சரியாகப் படிக்க முடிய வேண்டும். இஸ்ரேலின் எவ்கேனி காப்ரிலோவிச், அலெக்ஸ் கான்ட்மாக்கர் இருவரும் 2002-இலேயே ஓர் ஆபத்தைச் சுட்டினார்கள். மைக்ரோசாஃப்டின் பெயரில் சில எழுத்துகளுக்கு மட்டும் ரஷ்ய எழுத்துகளை இட்டு, கண்ணுக்கு வேறுபாடே தெரியாத பெயர் ஒன்றைப் பதிந்து காட்டினார்கள். 2017-இல் சூடாங் ஜெங் என்ற ஆய்வாளர் ஆப்பிளின் பெயரை முழுக்கவே ரஷ்ய எழுத்துக் குடும்பத்தில் எழுதிப் பதிந்தார். இருவேறு எழுத்து முறைகள் கலந்தால் மட்டும் எச்சரித்த உலாவிகளின் விதி அவரிடம் தோற்றது. குரோம் தன் விதியை இறுக்கியது.

பிறமொழிப் பெயர்கள் உள்ளுக்குள் 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துச் சரமாக மாற்றப்படுகின்றன. 2003-இல் தரப்படுத்தப்பட்ட ப்யூனிகோடு என்ற முறை அது. பெயர் ஐயத்துக்குரியது என்றால் உலாவி அந்தச் சரத்தையே காட்டிவிடும். '.இலங்கை', '.இந்தியா', '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே உயர்நிலை டொமைன்கள் இருப்பதால் இது நமக்கும் உரிய விஷயம். 'கௌ' என்ற உயிர்மெய்யையும், 'கெ', 'ள' என்ற இரண்டையும் அடுத்தடுத்து எழுதிய 'கெள'வையும் பல எழுத்துருக்களில் கண்ணால் பிரித்தறிய முடியாது. கணினிக்கு அவை வேறுவேறு. 'ஔ'வுக்கும் 'ஒள'வுக்கும் இதே கதைதான். பழைய தமிழ் எண்ணான '௧'-ம் 'க' என்ற எழுத்தும் உருவத்தில் இரட்டைகள். 'கௌரி' என்ற பெயரில் ஒரு கடை தமிழ் டொமைன் வாங்கினால், பதிவகம் தடுக்காவிட்டால், அதே உருவத்தில் இன்னொருவர் இன்னொன்று வாங்க இடமுண்டு. பெயரைத் தவிர மற்றதை எல்லாம் மறைத்துவிட்டால் இந்தச் சிக்கல் துளியும் குறையாது.

பாதை சொல்லும் சேதி

பாதையை நீக்கும்போது இழப்பது என்ன என்பது பாதுகாப்பு விவாதங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. நல்ல முகவரிகள் மாறக்கூடாது, அவற்றை அக்கறையோடு வடிவமைக்க வேண்டும் என்று பெர்னர்ஸ்-லீ 1998-இல் எழுதினார். அடுத்த ஆண்டே பயன்பாட்டு எளிமை வல்லுநரான ஜேக்கப் நீல்சன், முகவரியும் பயனர் இடைமுகத்தின் ஒரு பகுதி என்றார். பாதையின் கடைசித் துண்டை அழித்துவிட்டு ஒரு படி மேலே போய்ப் பார்ப்பது பயனர்கள் உண்மையில் செய்கிற காரியம், அதற்கேற்ப முகவரிகள் அமைய வேண்டும் என்பது அவர் பரிந்துரை. செய்தித் தளத்தின் முகவரியில் ஆண்டும் மாதமும் இருந்தால், பழைய செய்தி புதிதுபோல் சுற்றுகிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். விக்கிப்பீடியாவில் கட்டுரையைப் பார்க்கிறோமா, கட்டுரை பற்றிய உரையாடலைப் பார்க்கிறோமா என்பது பாதையில் இருக்கிறது. விளம்பரப் பகுதி, கருத்துப் பகுதி, வலைப்பதிவுப் பகுதி என்ற பிரிவுகளும் அங்கேதான்.

கேள்விக்குறிக்குப் பின்னால் வருவது வேறொரு சேதி. நாம் எந்த விளம்பரத்திலிருந்து வந்தோம், எந்தச் சமூக ஊடகத்தில் சொடுக்கினோம் என்று பின்தொடரும் குறியீடுகள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. ஃபேஸ்புக் 2018 முதல் தன் தளத்திலிருந்து வெளியேறும் சுட்டிகளில் ஒரு நீண்ட அடையாளச் சரத்தைச் சேர்க்கிறது. சில சேவைகளில் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே விடும் சாவியும் முகவரியில் இருப்பதுண்டு. திரையில் தளப்பெயர் மட்டும் தெரிய, நகலெடுத்து ஒட்டும்போது முழுச் சரமும் போகிறது என்றால், தாம் எதைப் பகிர்கிறோம் என்பது அனுப்புபவருக்கே தெரியாது. ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் 2023-இல் இந்தக் குறியீடுகளைக் களையும் வசதிகளைக் கொண்டுவந்தன. சிக்கலைத் தீர்ப்பதற்கும் சிக்கலைக் கண்ணில் படாமல் வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது.

யாருடைய நலன்

மறைப்பவர்களில் முதன்மையானவர் யார் என்பதையும் பார்க்காமல் இருக்க முடியாது. குரோம் 2008-இல் வெளிவந்தபோதே முகவரி எழுதும் இடமும் தேடும் இடமும் ஒரே பெட்டியாக இருந்தன. முகவரியை நினைவில் வைத்து எழுதுபவர் நேராகத் தளத்துக்குப் போகிறார். பெயரை எழுதித் தேடுபவர் கூகுளின் முடிவுப் பக்கத்தையும் அதன் விளம்பரங்களையும் கடந்து போகிறார். அந்தப் பாதைக்கு என்ன விலை என்பது அமெரிக்க அரசு கூகுள்மீது தொடுத்த வழக்கில் வெளிவந்தது. இயல்நிலைத் தேடுபொறியாக இருப்பதற்காகப் பிற நிறுவனங்களுக்குக் கூகுள் 2021-இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்திருந்தது. தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார்.

ஏ.எம்.பி. விவகாரமும் முகவரி வெட்டப்பட்டுவந்த அதே காலத்தது. 2015-இல் அறிவிக்கப்பட்ட இந்தத் திட்டத்தில் செய்திப் பக்கங்கள் கூகுளின் கிடங்கிலிருந்தே வேகமாக வழங்கப்பட்டன. முகவரிப் பட்டையில் செய்தித்தாளின் பெயருக்குப் பதில் கூகுளின் பெயர் தெரிந்தது. பதிப்பாளர்கள் முறையிட்டார்கள். பக்கம் கூகுளிடமிருந்து வந்தாலும் பட்டையில் பதிப்பாளரின் முகவரியைக் காட்ட வழி செய்யும் கையொப்ப முறையைக் குரோம் 2019-இல் ஏற்றது. மொசில்லா அதைத் தீங்கானது என்று வகைப்படுத்தி மறுத்தது.

குரோமின் பாதுகாப்புப் பொறியாளர்கள் விளம்பர வருமானத்தை மனத்தில் வைத்து முகவரியை வெட்டினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் தம் ஆய்வுகளை வெளியிட்டார்கள், தோல்வியையும் வெளியிட்டார்கள். ஆனால் முகவரியைப் பயனர் மறக்க மறக்க லாபம் அடையும் நிறுவனமே, முகவரி எவ்வளவு தெரிய வேண்டும் என்றும் முடிவு செய்கிறது. அந்த முடிவுக்குக் கூடுதல் ஆதாரம் கேட்க இதுவே போதும்.

சோதனை ஏன் பலிக்கவில்லை

முழு முகவரி தெரிந்தபோதும் தளப்பெயர் மட்டும் தெரிந்தபோதும் அளவீடுகளில் வேறுபாடு இல்லை என்பதற்கு எளிய விளக்கம் ஒன்று உண்டு. ஏமாறுகிறவர்கள் அந்த நேரத்தில் பட்டையைப் பார்ப்பதில்லை. பார்க்காத இடத்தில் என்ன எழுதினாலும் அழித்தாலும் ஒன்றுதான். 2009-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 தளப்பெயரைக் கறுப்பாகவும் மற்றதைச் சாம்பல் நிறமாகவும் காட்டியது. அந்த உத்தியைக் கால்கரி பல்கலைக்கழகத்தினர் 2011-இல் ஆராய்ந்தார்கள். ஓரளவு உதவுகிறது, ஆனால் அதை நம்பி இருக்க முடியாது என்பது அவர்கள் கண்டது.

பட்டையில் இருந்த மற்ற அடையாளங்களின் கதியும் இதையே சொல்கிறது. நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயரைப் பச்சை நிறத்தில் காட்டும் விலையுயர்ந்த சான்றிதழ்கள் ஒருகாலத்தில் இருந்தன. 2017-இல் இயன் கேரல் என்ற ஆய்வாளர் கென்டக்கி மாநிலத்தில் 'ஸ்ட்ரைப்' என்ற பெயரில் சட்டப்படி ஒரு நிறுவனம் பதிந்து, புகழ்பெற்ற பணப்பட்டுவாடா நிறுவனத்தின் அதே பெயரில் சான்றிதழும் வாங்கிக் காட்டினார். அந்தப் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பயனர் நடத்தை மாறவில்லை என்று குரோம் குழுவே 2019-இல் ஆய்வு வெளியிட்டு, அதை முன்வரிசையிலிருந்து நீக்கியது. பூட்டுச் சின்னத்துக்கும் அதே முடிவு. அதன் சரியான பொருளை 11 சதவீதத்தினரே அறிந்திருந்தார்கள் என்று 2021-இல் கண்டு, 2023-இல் வந்த குரோம் 117-இல் அதை மாற்றினார்கள்.

கைபேசியில் நிலைமை இன்னும் கடினம். பக்கத்தை மேலே தள்ளியதும் பட்டையே மறைந்துவிடுகிறது. மறைந்த இடத்தில் பக்கமே ஒரு போலிப் பட்டையை வரைந்து, அதில் வங்கியின் முகவரியை எழுதிக் காட்ட முடியும் என்று ஜிம் ஃபிஷர் 2019-இல் செய்து காட்டினார். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிகள் சுட்டிகளைத் தங்களுக்குள்ளேயே திறக்கின்றன. அங்கே பயனர் பழகிய பட்டையே இல்லை.

கருவியின் கண்

போலித் தளங்களை உண்மையில் முறியடித்தது வேறொன்று. கடவுச்சொல் மேலாளர் செயலி, தான் சேமித்த தளப்பெயரும் திறந்திருக்கும் தளப்பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் கடவுச்சொல்லை நிரப்பும். இரண்டு 'வி'க்களை அது 'டபிள்யூ' என்று எண்ணாது; 'கெள'வைக் 'கௌ' என்றும் எண்ணாது. கடவுச்சொல்லுக்குப் பதில் மின்னணுச் சாவியைக் கொண்டு உள்நுழையும் முறைகளான, 2019-இல் தரநிலையான வெப்ஆத்தனும், 2022 முதல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் கொண்டுவந்த பாஸ்கீயும் இன்னும் ஒருபடி மேல். சாவி தளப்பெயரோடு கட்டப்பட்டிருப்பதால், பயனர் ஏமாந்தாலும் போலித் தளத்துக்குக் கொடுக்க அவரிடம் எதுவும் இருக்காது. தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குப் பாதுகாப்புச் சாவியைக் கட்டாயமாக்கிய 2017 தொடக்கத்துக்குப் பின், பணிக் கணக்கு ஒன்றுகூடத் தூண்டில் மோசடியில் பறிபோகவில்லை என்று கூகுள் 2018-இல் சொன்னது.

இந்திய ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்த 'பேங்க்.இன்' திட்டத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். வங்கிகள் மட்டுமே பதியக்கூடிய இந்த முடிவுக்கு 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் மாற வேண்டும் என்றார்கள். யார் பெயர் பதியலாம் என்பதிலேயே கட்டுப்பாடு வைப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் 'மலர்வங்கி.பேங்க்.இன்.இன்னொருவர்.நெட்' என்று எழுத யாருக்கும் தடையில்லை. நம்பிக்கைக்குரிய சொற்கள் எந்த இடத்தில் முடிகின்றன என்று பார்க்கத் தெரிந்தவருக்கே அது முழுப் பயன் தரும். உலாவியின் பட்டியல் 'பேங்க்.இன்' ஒரு பொது முடிவு என்று அறியாமல் சுருக்கினால், எல்லா வங்கிகளும் ஒரே பெயரில் தெரியவும் கூடும்.

முகவரிக்கு இரண்டு வேலைகள் உண்டு: யாரிடம் இருக்கிறோம் என்று அடையாளம் சொல்வது, எதைப் பார்க்கிறோம் என்று இடம் சொல்வது. முதல் வேலைக்காக இரண்டாவதைப் பலியிட்டார்கள்; முதல் வேலையும் நடக்கவில்லை. அடையாளத்தைச் சரிபார்க்கும் பொறுப்பு இப்போது களைப்படையாத கருவிகளிடம் மாறிக்கொண்டிருப்பதால், மனிதக் கண்ணுக்கு என்று முகவரியைச் சுருக்கும் தேவை முன்பைவிடக் குறைந்திருக்கிறது.

இதிலிருந்து சில விதிகளைப் பெறலாம். தளப்பெயரை அழுத்தமாகவும் மற்றதை மங்கலாகவும் காட்டுவது நல்லது. அதற்கு எதையும் அழிக்க வேண்டியதில்லை. இடம் போதாத கைபேசியில் சுருக்கலாம், ஆனால் உரிமையைச் சொல்லும் வலமுனை வெட்டுப்படக் கூடாது, ஒரே தொடுதலில் முழுவதும் விரிய வேண்டும். நடுவிலிருந்து எதையும் உருவி, இல்லாத முகவரியைக் காட்டக் கூடாது. முழு முகவரியைக் காட்டும் அமைப்பு குரோமில் 2020 முதல் பட்டையை வலச்சொடுக்கினால் கிடைக்கிறது; அது இருப்பதே பலருக்குத் தெரியாது. இயல்நிலையை மாற்றத் தெரிந்தவர்கள் எப்போதும் சிலர்தான், ஆகவே இயல்நிலையே கொள்கை. பயனருக்குத் தெரிந்துகொண்டிருந்த ஒன்றை நீக்க விரும்புபவர், நீக்குவதால் அவருக்கு நன்மை உண்டு என்று முதலில் நிறுவ வேண்டும். பாதையைப் பொறுத்தவரை அது நிறுவப்படவில்லை. அதுவரை முழு முகவரியும் இயல்பாகத் தெரியட்டும். சுருக்கம் வேண்டியவர் அமைப்புகளில் போய்த் தேர்ந்துகொள்ளட்டும்.